பெரிய வியாழனுக்கு ஒரு கால்

பெரியவர் இருதயம் தன் வலது பாதத்தைத் தொட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பார்க்க முடிகிறது. கட்டிலில் உட்கார்ந்தால் கீழே வெகு தூரத்தில், வெளியூரில் குடியேறிவிட்ட பங்காளி மாதிரி அது பாட்டுக்குக் கிடக்கிறது. எட்டிப் பிடிக்கலாம் என்று குனிந்தால், இடுப்பு மூட்டுக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் காலுக்கு நகம் வெட்டுவது மனைவி மதலேனாள். செருப்பு மாட்டிவிடுவதும் அவள்தான். இது ஊருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

சுருளிப்பட்டி போகிற வழியில் அவருக்குத் திராட்சைத் தோட்டம். பந்தலை அவருடைய அப்பா தன் உயரத்துக்குப் போட்டுவிட்டுப் போனார். இருதயம் அப்பாவைவிட ஒரு சாண் அதிகம் வளர்ந்துவிட்டார். கல்லுக்கால்களை மாற்ற மனசு வராமல் ஆயுசு முழுக்க அதற்குள் இடுப்பை மடித்தே நடந்தார். பந்தலுக்குள் வெயில் நேராக இறங்காது. இலை இலையாக வடிந்து, பச்சையாகி, தண்ணீருக்கு அடியில் இருக்கிற வெளிச்சம் மாதிரி தரையில் அசையும். அதற்குள் நின்றால் காலையா மாலையா என்பது மறந்துபோகும். இப்போது வலி மட்டும் மறப்பதில்லை.

தேனியில் ஓர் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "மூட்டு தேஞ்சிருச்சுங்கய்யா. ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருந்தது கரைஞ்சுபோச்சு. உடனே ஆபரேஷன் வேணாம். பயிற்சி செய்யுங்க, முடியாமப் போனா மூட்டை மாத்திக்கலாம்" என்றார். இருதயத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. டிராக்டர் ஷோரூம்காரனும் முதலில் ரிப்பேர் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பிப்பான், புதுசை எடுக்கச் சொல்லித்தான் முடிப்பான். படத்தைச் சுருட்டி பீரோ மேல் போட்டுவிட்டு, ஒரு கம்பை எடுத்து ஊன்றிக்கொண்டு திரிந்தார்.

அப்படியே காலம் போயிருக்கும். கல்லறைத் திருநாளன்று பங்குச்சாமியார் விஜய்ராஜ், மெழுகுவர்த்திகளுக்கு நடுவே நின்று அந்தப் பேச்சை எடுத்தார்.

"மேலத்தெருவுல இந்த வருசம் உங்க முறை, ஐயா. பெரிய வியாழனுக்கு மொத நாற்காலி நீங்கதான்."

பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதத்தைக் கழுவுவார், ஏசு தன் சீடர்களுக்குக் கழுவிய மாதிரி. எல்லாக் கோயிலிலும் உள்ளதுதான். ஆனால் அந்த ஊரில் அது தெருவாரியாக, வயசுவாரியாக வரும். ஒரு மனுஷனுக்கு ஆயுசில் ஒரே தடவை. வேண்டாம் என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும், திரும்பி வராது. பன்னிரண்டு பேரில் மூத்தவர் முதல் நாற்காலி. அந்த வருஷம் முழுக்க ஊரில் அவர்தான் சீடர்களில் தலைவரான இராயப்பர்.

"வேணாம் சாமி. ஆல்பர்ட்டுக்குக் குடுத்துருங்க" என்றார் இருதயம். ஆல்பர்ட், மதலேனாளின் தம்பி. அதே தெருதான். வயசில் அடுத்தவன்.

சாமியார் சிரித்தார். "இராயப்பரும் மொதல்ல என் பாதத்தைக் கழுவக் கூடாதுன்னுதான் சொன்னாரு. சரியான ஆளத்தான் புடிச்சிருக்கோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதோடு அது முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, இருதயம் தன் வலது காலைத் தூக்கிப் பார்த்தார். அது ஒரு விரற்கடை எழும்பியது. அதற்கு மேல் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"எடது காலை நீட்டிட்டுப் போங்களேன். கர்த்தர் கோவிச்சுக்கிருவாகளா?" என்றாள் மதலேனாள்.

"கர்த்தர் கோவிக்க மாட்டாரு. உன் தம்பிதான் ஊரு முழுக்கத் தண்டோராப் போடுவான். யூதாஸ் வீடு ரெண்டாயிரும். அதானே வேணும் உனக்கு?"

ஊரில் பன்னிரண்டு பேரும் வலது காலைத்தான் நீட்டுவார்கள். இருதயம் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் ஒருவர், வலது காலில் புண் என்று இடது காலை நீட்டினார். அவ்வளவுதான் அவர் செய்த பாவம். அவர் போய், அவர் மகனும் போய், பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இன்னமும் அது யூதாஸ் வீடு. பார்சல் கொண்டுவருகிறவன்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் வழி கேட்கிறான். இருதயத்துக்கும் திண்டுக்கல்லில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர் கர்ணன். இருவருக்கும் ஒரே கிணறு, முறை வைத்து இறைப்பார்கள். கர்ணனிடம் மட்டும் இருதயம் எதையும் மறைத்ததில்லை.

"ஏலே, கம்பத்துல ஒரு புள்ள இருக்கு. கட்டப்பனைக்காரி, மலையாளத்துப் புள்ள, இங்கன வாக்கப்பட்டு வந்துருக்கு. என் கழுத்து திரும்பாமக் கெடந்துச்சுல்ல, கையாலயே நேர் பண்ணி விட்டுச்சு" என்றார் கர்ணன்.

"கையால முறிக்கிறவளா?"

"முறிக்கல. சொடக்கு எடுக்குது. கைரோபிராக்டிக்குன்னு போர்டு போட்டுருக்கு."

"பேரே வாயில நொழைய மாட்டேங்குது. அதுலயே தெரியலயா?"

ஆனாலும் போனார். கர்ணனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, காலை அகட்ட முடியாமல் பெண்பிள்ளை மாதிரி ஒரு பக்கமாகவே உட்கார்ந்து போனார்.

அந்தப் பெண்ணுக்கு ரீட்டா என்று பெயர். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். நடக்கச் சொன்னாள். நாலு எட்டு வைப்பதற்குள் நிறுத்திவிட்டாள்.

"அய்யோ அப்பச்சா! வலிக்கிற பக்கத்துக் கையிலயா கம்பு பிடிக்கிறது? எடது கையில பிடிக்கணும்."

"வலி வலது பக்கம் இருக்கு. முட்டுக் குடுக்கிறவன் எங்கன குடுப்பான்?"

"சும்மா மாத்தி நடந்து நோக்கு."

மாற்றி நடந்தார். கொஞ்சம் இலகுவாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மேஜையில் மல்லாக்கப் படுக்க வைத்து, வலது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல, மிக மெல்ல இழுத்தாள். இருதயம் பல்லைக் கடித்துக் காத்திருந்தார். வலி வரவில்லை. மூட்டுக்குள் பந்தல் காற்று புகுந்த மாதிரி இருந்தது. காற்றாடி சுற்றுகிற சத்தம் இலைச் சத்தமானது. வெள்ளைச் சுவர் பச்சையானது. அவர் பந்தலுக்குள் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். தலை கம்பியில் இடிக்கவில்லை, கொத்துகள் காதோரம் குளிர்ச்சியாக உரசின, பாதம் ஒவ்வொன்றும் வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி மண்ணில் பதிந்தது. எவ்வளவு தூரம் நடந்தாரோ, நடுமுதுகில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டு முழித்துக்கொண்டார்.

"ஒறங்கிட்டீங்க" என்று சிரித்தாள் ரீட்டா. "கேளுங்க அப்பச்சா. தேஞ்சது வளராது. அதை ஞான் வளத்துருவேன்னு சொன்னா அது பொய். எறுகிக் கெடக்குறத ஞான் இளக்கி விடுவேன், அது கொஞ்ச நாளைக்கு. அந்தக் கொஞ்ச நாள்ல மூட்டைச் சுத்தி இருக்குற சதைக்கு நீங்க பலம் ஏத்தணும்."

மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, ஒருக்களித்துக் காலைத் தூக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது என்று சிலதைச் செய்து காட்டினாள். இருதயம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப்பிள்ளை விளையாட்டு. அவருக்குக் காதில் அந்த 'டொக்' மட்டும்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. இளகியதாவது எறுகியதாவது! விலகிக் கிடந்த எலும்பு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. சத்தமே கேட்டதே.

மறுநாள் எழுந்தால் உடம்பு பஞ்சு. கம்பை மூலையில் சாத்தினார். கவாத்துக்கு நின்ற பந்தலில் ஆட்களோடு ஆளாக இறங்கி, வெட்டுக் கத்தரியை எடுத்தார். அண்ணாந்தபடி பொழுதுக்கும் வெட்டினார். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குத் திரும்பிய இடத்தில் கால் நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. கல்லுக்காலைக் கட்டிப்பிடித்தபடி நின்றவரைக் கர்ணனும் இன்னும் இரண்டு பேரும் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள்.

அடுத்த வாரம் கம்பத்துக்குச் சண்டை போடத்தான் போனார்.

"எலும்பை உக்கார வச்சேன்னு ஏமாத்திட்டியே ஆத்தா!"

"எலும்பை உக்கார வச்சேன்னு ஞான் எப்ப சொன்னேன்?"

"சத்தம் கேட்டுச்சே?"

"வெரலு சொடக்குனா கேக்குற சத்தம்தான் அது. அது கேக்காட்டியும் ஒண்ணும் இல்ல." அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "அப்பச்சா, ஞான் சொன்ன பயிற்சியில ஒண்ணு செஞ்சீங்களா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

இருதயம் நெஞ்சைத் தொடவில்லை. கர்ணன் பக்கத்தில் நின்று இருமினார்.

"எந்தக் காரியத்துக்குக் காலு வேணும் உங்களுக்கு?" என்று ரீட்டா இறங்கி வந்து கேட்டாள். அந்தக் கேள்வியை இதுவரை எந்த டாக்டரும் கேட்டதில்லை. அவளும் வேதக்காரப் பிள்ளைதான். பெரிய வியாழன் என்றதும் அவளுக்கு விளங்கிவிட்டது. வலது காலா, இடது காலா என்ற கதையைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்தாள். அதற்காகவே அவள்மேல் இருதயத்துக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

"நீச்சல் தெரியுமா?"

"கெணத்துல பெறந்தவன்ல இவன்" என்றார் கர்ணன்.

"கெணத்துக்குப் படி இருக்கா? அகலமா? வழுக்காதா?"

இருந்தது. ஒரு பக்கம் முழுக்க, ஆள் படுத்துக்கொள்கிற அகலத்தில் கல்படி, தண்ணீருக்குள்ளும் இறங்கிப் போகும். அடைமழை முடிந்து தண்ணீர் மேலே கிடந்தது. ரீட்டா சொன்னது இவ்வளவுதான். மோட்டார் ஓடக் கூடாது. தனியாக இறங்கக் கூடாது. நெஞ்சளவு தண்ணீரில் படியில் நின்று, பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை முன்னே, பின்னே, பக்கத்தில் வீச வேண்டும். தண்ணீர் உடம்பைச் சுமக்கும், கால் தன் வேலையை மட்டும் பார்க்கும். வலி குத்தினால் மல்லுக்கட்டக் கூடாது, குறைத்துக்கொள்ள வேண்டும்.

அன்றிலிருந்து விடிந்ததும் இரண்டு கிழவர்களும் கிணற்றடிக்குப் போனார்கள். கர்ணன் மேற்படியில் துண்டை விரித்து உட்கார்ந்து பீடி பற்ற வைப்பார். இருதயம் இறங்குவார். முதல் படி ஈரம், அடுத்த படி சில்லிப்பு, அதற்கடுத்த படியில் உடம்பு காணாமல் போகும். இடுப்புக்குக் கீழே யாருக்கும் சொந்தமில்லாத இரண்டு கால்கள் பச்சை வெளிச்சத்தில் மிதந்தன. வலது காலைத் தூக்க நினைத்தார். நினைத்ததுதான் தெரியும், அது தானாக எழுந்து வந்தது. தண்ணீருக்குள் வெளுத்து, அசைந்து, பெரிதாகித் தெரிந்த தன் பாதத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். மேலே மேகமலைப் பக்கத்து மேகம் ஒன்று கிணற்று வாயைக் கடந்து போயிற்று. அதுவும் தண்ணீருக்குள்ளே, அவர் பாதத்துக்கு அடியிலே போயிற்று. மேகத்தின் மேல் கால் வைத்தவர் மாதிரி இருந்தது.

"ஏலே, தூங்கிட்டியா? தலைக்கு மேல போயிரப் போகுது" என்பார் கர்ணன்.

"செத்த சும்மா இருடா."

வீட்டில் மற்றப் பயிற்சி. தரையில் பாயைப் போட்டு, மல்லாந்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்குவார். மதலேனாள் கதவைச் சாத்திவிட்டு வருவாள். "வயசான காலத்துல எவளாச்சும் பாத்தா என்ன நெனைப்பா" என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அவர் செய்ய மறந்தால் பாயை அவளே எடுத்து விரிப்பாள். இடையிடையே ரீட்டாவிடம் போய் வந்தார். அவள் காலை இழுத்து இளக்கிவிடுவாள். இப்போதெல்லாம் 'டொக்' கேட்கிறதா என்று அவர் காதைத் தீட்டுவதில்லை.

வலி போய்விட்டதா என்றால், இல்லை. சில நாள் முழுக்க அழுத்தும். சில நாள் இருக்கிற இடமே தெரியாது. இருதயம் அதை முழுசாக நம்பவில்லை. சந்தேகப்பட்டுக்கொண்டேதான் செய்தார். வெயில் ஏற ஏறக் கிணற்றில் தண்ணீர் இறங்கியது. நேற்று தண்ணீருக்குள் இருந்த படி இன்று பாசியோடு வெளியே நிற்கும். கர்ணன் அதைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துவிட்டு, "இன்னும் ஒரு படி கூடுது உனக்கு" என்பார். ஒவ்வொரு படியாக இறங்கி ஒவ்வொரு படியாக ஏறினார். மாசி முடியும்போது, கிணற்று ஆழத்தில் பாதிக்கு மேல் படிகள் வெயிலில் காய்ந்தன. அவர் அவ்வளவையும் கம்பில்லாமல் ஏறிக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கினால் ஒரு சாணுக்கு மேல் எழும்பியது. சாமியார் கால் கழுவ வைக்கிற பேசினின் விளிம்பைத் தாண்ட அது போதும். பாதத்தைத் தொட மட்டும் இன்னும் நாலு விரல் குறைந்தது.

"ஒரே ஒரு காரியம்" என்றாள் ரீட்டா, தவக்காலக் கடைசியில். "ரொம்ப நேரம் அசையாம இருந்தா எறுகும். பூசையில மரம் மாதிரி உக்காராதீங்க. குதிகாலத் தேச்சு முன்ன பின்ன ஆட்டிக்கிட்டே இருக்கணும்."

பெரிய வியாழன் வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். முதலாவதில் இருதயம். எதிர்ப் பெஞ்சில் ஆல்பர்ட், புதுச் சட்டை போட்டு, நேராகப் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தான். பெண்கள் பக்கத்தில் மதலேனாள் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்தார். அது நீண்டது. அன்றைக்குப் பார்த்து அவருக்கு நன்றாகப் பேச்சு வந்தது. இருதயம் குதிகாலை மெல்ல முன்னே தேய்த்தார், பின்னே தேய்த்தார். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். "எறும்பு" என்று முணுமுணுத்துவிட்டு இன்னும் தேய்த்தார்.

பிரசங்கம் முடிந்தது. சாமியார் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். செம்பும் பேசினும் பின்னால் வந்தன. முதல் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார்.

பேசினை இடது காலுக்குக் கீழே வைத்தார்.

இருதயத்துக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. பெண்கள் பக்கம் பார்த்தார். மதலேனாள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. போய்ச் சொல்லியிருக்கிறாள். ஊர் பார்க்க மனுஷன் வலியில் முகம் கோணக் கூடாது என்று சாமியாரிடம் போய்க் கெஞ்சியிருக்கிறாள். சாமியார் வெளியூர்க்காரர், அவருக்கு யூதாஸ் வீட்டுக் கதை எங்கே தெரியும்? இரக்கப்பட்டு வைத்துவிட்டார். எதிர்ப் பெஞ்சில் ஆல்பர்ட் கழுத்தை நீட்டினான்.

"சாமி" என்றார் இருதயம் அடிக்குரலில். "இங்கன."

"பரவால்லங்கய்யா, அம்மா சொன்னாக…"

"அவ கெடக்கா. இங்கன வைங்க."

சாமியார் அவர் முகத்தைப் பார்த்தார். பேசினை நகர்த்தினார்.

இருதயம் வலது காலைத் தூக்கினார். அரைச் சாணில் மூட்டு கவ்விக்கொண்டது. பழைய தாழ்ப்பாள். எங்கோ ஒரு பிள்ளை சிணுங்கியது. கையால் தொடையைப் பிடித்துத் தூக்கலாமா என்று ஒரு கை கிளம்பியது. ரீட்டா சொன்னது காதில் விழுந்தது: மல்லுக்கட்டாதீங்க. கையை மடியில் வைத்தார். முதுகை நாற்காலியில் சாய்த்தார். மூச்சை விட்டார்.

தண்ணீர் வந்தது. பேசினிலிருந்து இல்லை. பீடத்துப் படிகளின் வழியாக, கிணற்றுத் தண்ணீர், விடிகாலைக் குளிரோடு பச்சையாக ஏறி வந்தது. பெஞ்சுகள் அதற்குள் அமிழ்ந்தன. ஆல்பர்ட்டின் புதுச் சட்டை மிதந்து விரிந்தது. மதலேனாளின் முக்காடு பாசி மாதிரி அசைந்தது. தண்ணீர் இருதயத்தின் நெஞ்சைத் தொட்டதும் உடம்பு இல்லாமல் போயிற்று. வெளியூர் போயிருந்த அந்தப் பாதம், தன் வீட்டுக்கு வழி தெரிந்துகொண்டு, தானாக எழுந்து வந்தது.

செம்பிலிருந்து தண்ணீர் விழுந்தபோதுதான் அவர் திரும்பி வந்தார். வெதுவெதுப்பான தண்ணீர். சாமியாரின் இரண்டு கைகளுக்கு நடுவே இருந்தது அவருடைய வலது பாதம். கட்டைவிரலில் பழைய கத்தரி வெட்டின தழும்பு. அதை அவர் மறந்தே போயிருந்தார். துடைத்து, குனிந்து, முத்தமிட்டுவிட்டுச் சாமியார் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். காலைக் கீழே வைக்கும்போது மூட்டு சுருக்கென்று குத்தியது. இருதயம் முகத்தைக் கோணவில்லை.

வீட்டுக்கு வந்து மதலேனாள் வாசலிலேயே நின்றுகொண்டாள். "வையுறதுன்னா வஞ்சுருங்க" என்றாள்.

"பேரப்புள்ளைகளுக்குப் பேரு வாங்கிக் குடுக்கப் பாத்தியே!"

"பேரு கெடந்துட்டுப் போகுது. நீங்க அங்கன வேர்த்துப்போயி உக்காந்துருந்தது எனக்குல்ல தெரியும்."

இருதயம் உள்ளே போனார். கட்டிலில் உட்கார்ந்தார். "அந்த நகவெட்டிய எடு. கட்டவெரல்ல வளந்துருக்கு. சாமி பாத்துருப்பாரு" என்றார். அவள் தரையில் உட்கார்ந்து பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பெரிய வெள்ளி. ஊரில் ஒருவரும் தோட்டத்துக்குப் போகவில்லை. கர்ணன் மட்டும் கிணற்றடியில் துண்டை விரித்துக் காத்திருந்தார், வருவான் என்று தெரிந்த மாதிரி.

"ஏலே, சாமியாரு கழுவுன காலு. மூணு நாளைக்காச்சும் நனைக்காம வச்சுருக்கக் கூடாதா?"

"போலே. நனைக்காமப் போட்டுக் காலு எறுகிருச்சுன்னா நாளைக்கு நீயா வந்து தூக்கிவிடுவ?"

இடுப்பு அன்றைக்குக் கனத்துக் கிடந்தது. இருதயம் சுவரைத் தொட்டபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். தண்ணீர் இன்னும் ஒரு படி உள்வாங்கியிருந்தது. புதிதாக வெளியே வந்த அந்தப் படி பாசியோடு மினுங்கியது. கர்ணன் தேங்காய் நாரைத் தேடி எழுந்தார். இருதயம் அதற்கு முந்தின படியிலேயே நின்றுகொண்டு, கீழே, பச்சைக்குள் தனக்காக அசைந்துகொண்டிருந்த வானத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.